சி1 யாரு?

லீவு முடிஞ்சு வேலைக்குப் போகணும், பாப்பாவுக்கு எட்டு மாசம், டே கேர் தேடுறேன்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒரே அட்வைஸ், நேர்ல போய்ப் பாரு, உள்ள நுழைஞ்சதும் டயப்பர் வாடை அடிக்குதான்னு பாருன்னு. பார்த்தேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு ராத்திரி உக்காந்து இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டா படிச்சுத் தள்ளினேன். இங்க கலிபோர்னியால லைசென்ஸ் இருக்கற சென்டருக்கெல்லாம் சோசியல் சர்வீசஸ் டிபார்ட்மென்ட் ஆளுங்க சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்க, அவங்க எழுதறதை ஆன்லைன்ல யார் வேணா படிக்கலாம்.

தப்பை ரெண்டா பிரிக்கறாங்க. பிள்ளைக்கு உடனே ஆபத்துன்னா டைப் ஏ, அப்படியே விட்டா பின்னாடி ஆபத்தாகலாம்னா டைப் பி. நான் முதல்ல ஏ, பி எத்தனைன்னு மார்க் ஷீட் மாதிரி எண்ணிட்டு இருந்தேன், சுத்த வேஸ்ட், உள்ள என்ன நடந்துச்சுன்னு படிக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச புது சென்டர், சுவரெல்லாம் யானையும் மேகமும், அங்க ஒரு டைப் ஏ. இன்ஸ்பெக்டர் போனப்ப கைக்குழந்தைங்க ரூம்ல ஒரே டீச்சர், ஏழு குழந்தை. சட்டப்படி நாலு குழந்தைக்கு ஒரு டீச்சர் இருக்கணும். டைப் ஏ வாங்கினா அந்த ரிப்போர்ட்டை 30 நாள் ஒட்டி வைக்கணும், அடுத்த 12 மாசத்துக்குப் புதுசா சேர்றவங்களுக்கும் காப்பி குடுத்து கையெழுத்து வாங்கணும். டூர் காட்டினப்ப டைரக்டர் வாயே திறக்கல, அட்மிஷன் பேப்பர் கட்டுல கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி சொருகி வச்சிருந்தாங்க. கட்டை அப்படியே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

அம்மாகிட்ட போன்ல சொன்னா, "நாலு புள்ளைக்கு ஒரு டீச்சராடி? நம்ம ஊர் பால்வாடில முப்பது புள்ளைய ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும்தான மேய்ச்சாங்க"ன்னு சிரிக்கறாங்க. அதுங்க நடக்கற புள்ளைங்கம்மா, இது குப்புற விழுந்தா திரும்பத் தெரியாததுங்கன்னேன். பழைய காட்டன் சேலைல போர்வை தச்சு அனுப்பறேன்னாங்க, அதுவும் ஆகாது, ஒரு வயசுக்குள்ள தொட்டில்ல போர்வை, தலகாணி, பொம்மை எதுவும் கூடாது, மல்லாக்கதான் படுக்க வைக்கணும், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ டீச்சர் வந்து மூச்சைப் பார்த்து சார்ட்ல எழுதணும்.

கடைசில சேர்த்தது ஒரு பழைய சென்டர்ல. கார்ப்பெட் தேஞ்சு போயிருக்கும், ரிப்போர்ட்ல ரெண்டு டைப் பி, ஒண்ணு தடுப்பூசி பேப்பர் ஃபைல்ல இல்லைன்னு, இன்னொண்ணு வேலில ஆணி துருத்திட்டு இருந்துச்சுன்னு. ரெண்டும் சொன்ன தேதிக்குள்ள சரி பண்ணிருந்தாங்க.

சேர்த்து மூணாவது வாரம், காலைல விடப் போறேன், கழுத்துல பேட்ஜோட ஒரு அம்மா நிக்கறாங்க. வந்ததும் யார்கிட்டயும் பேசல, விரலை நீட்டி தலை எண்ணினாங்க, அப்புறம் டீச்சருங்களை எண்ணினாங்க. நேரா சிங்க்குக்குப் போய் மண்டி போட்டு கீழ இருக்கற கப்போர்டை ரெண்டு தடவ இழுத்துப் பார்த்தாங்க, ப்ளீச் வைக்கற இடம், பூட்டு அசையல. எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்துப் போச்சு, ஏதோ நம்ம வீட்டை சோதனை போடற மாதிரி.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்துருச்சு. ஒரு டைப் பி. தூக்க சார்ட்ல முந்தின நாள் ஒரு கட்டம் காலி, 1:15, 1:30 இருக்கு, 1:45 இல்ல, அப்புறம் 2:00. ரிப்போர்ட்ல பேரு போட மாட்டாங்க, குழந்தைன்னா சி1, ஸ்டாஃப்னா எஸ்1. யாரோ ஒரு குழந்தைன்னு படிச்சுட்டு மூடினேன், அப்புறம் என்னமோ தோணி சென்டர் ஆப்பைத் திறந்து அந்தத் தேதிக்குப் போய்ப் பார்த்தா, அந்த ரூம்ல ஒரு மணிக்கு மேல தூங்கினது எங்க பாப்பா ஒருத்திதான்.