நாலு வரி

"அழைப்புப் போட்டிதானேம்மா, நாலு வரி போதும்."

2024 பிப்ரவரி 21 ராத்திரி நான் சொன்னது இது. அலன்யாவில் நடந்த துருக்கி மகளிர் கோப்பைக் கால்பந்தில் இந்தியா எஸ்டோனியாவை 4-3 என்று வென்றிருந்தது. எங்கள் பத்திரிகையின் விளையாட்டு டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண் அரைப் பக்கம் அடித்துக்கொண்டு வந்து நின்றாள். மனீஷா கல்யாண் 2 கோல். இந்துமதி கதிரேசன், பியாரி சாக்சா ஆளுக்கு ஒன்று. நம் சீனியர் பெண்கள் ஓர் ஐரோப்பிய அணியை வென்றது அதுதான் முதல் தடவை. "இந்துமதி கடலூர் பொண்ணு சார்" என்றாள். சிவப்புப் பேனாவால் நான் முதலில் அடித்தது அந்த வரியைத்தான்.

ராஞ்சி டெஸ்ட் முன்னோட்டம் பக்கத்தைப் பிடித்திருந்தது, கீழே விளம்பரம் வேறு. அழைப்புப் போட்டிக்குத் தகுதிச் சுற்று கிடையாது, நடத்துகிறவர்கள் கூப்பிட்டால் போய் ஆடலாம். இதே மாதிரி அழைப்புப் போட்டியான 2018 அல்கார்வே கோப்பையில் மழையால் இறுதியாட்டமே நடக்காமல் நெதர்லாந்து, ஸ்வீடன் இரண்டுக்கும் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். உலகக் கோப்பையில் இப்படிச் செய்வார்களா என்று அவளிடம் கேட்டேன்.

"அடுத்த வருஷம் உலகக் கோப்பையில அந்த ரெண்டு டீமும் எங்க வந்துச்சு சார்?"

நெதர்லாந்து இறுதியாட்டத்துக்கு, ஸ்வீடன் மூன்றாமிடத்துக்கு. எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர, பதில் சொல்லவில்லை.

நம் பெண்களுக்கு ஆட்டம் கிடைப்பதே எவ்வளவு அரிது என்பதும் தெரியும். 2022 ஜனவரியில் சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை, உலகக் கோப்பைக்கு வழி அதுதான். முகாமுக்குள் கொரோனா புகுந்து, சீன தைபேவுக்கு (தைவான்) எதிராகத் தேவையான 13 பேரைக்கூடத் திரட்ட முடியாமல் தொடரிலிருந்தே வெளியேறினார்கள். அப்படிப்பட்ட அணிக்கு யாரோ கூப்பிட்டு மூன்று ஆட்டம் தருவது சின்ன விஷயமா? ஆனால் பக்கத்தை முடிக்க அன்று எனக்கு இருந்தது இருபது நிமிடம். அதுவும் உண்மைதான்.

அப்புறம் ஹாங்காங்கை 2-0 என்று வென்றார்கள். 27ஆம் தேதி கொசோவோவிடம் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்று, இரண்டாமிடம். மனசு உறுத்திக்கொண்டிருந்ததால் அன்று பக்கத்தில் மூன்று காலம் அகலத்துக்கு இடம் ஒதுக்கி, படமும் வைத்தேன். தலைப்பில் 'தோல்வி' என்று இருந்தது. அவள் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஜெயிச்சப்போ நாலு வரி, தோத்தப்போ மூணு காலம்." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ராத்திரி திரும்ப வந்தால் டெஸ்ட் முன்னோட்டத்தைக் குறைப்பேனா? குறைப்பேன் என்று எழுதத்தான் ஆசை, உறுதியாகச் சொல்ல வரவில்லை. இடம் இல்லை என்பதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் போன வாரம் பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். நாலாவது வரி பாதியிலேயே முடிந்திருந்தது. 'கடலூர்' என்ற சொல் அதில் தாராளமாக உட்கார்ந்திருக்கும்.