இரண்டாம் பக்கத்துக்கு அடுத்து ஐந்தாம் பக்கம்

உ.வே. சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முகவுரை எனக்கு வேண்டியிருந்தது. பின்னால் வந்த பதிப்பு ஒன்றிலிருந்து மேற்கோள் எடுத்து ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். "முதற்பதிப்பைக் கண்ணால் பார்க்காமல் அதைப் பற்றி எழுதாதே" என்று நெறியாளர் அந்தப் பத்தியையே அடித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தச் சில பக்கங்களுக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

முதலில் அந்தப் புத்தகம் இருந்த நூலகத்துக்கு நேரில் போனேன். ராத்திரி முழுக்கப் பயணம். துறைத்தலைவர் கடிதம் இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடி போனால், "தாள் தொட்டாலே உதிருது, கொடுக்க முடியாது. ஸ்கேன் பண்ணியாச்சே, நெட்ல பாருங்க" என்றார் அலுவலர். தாளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கடிதம் கேட்ட அன்றைக்கே இதையும் சொல்லியிருக்கலாமே! கிளம்புவதற்கு முன் போன் போட்டு, அசல் புத்தகம் கையில் கிடைக்குமா, ஸ்கேன் இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

சரி, இணையத்தில் தேடினேன். மதுரைத் திட்டம் என்ற இணையத்தளத்தில் 1998 முதல் பலர் சேர்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய நூல்கள் பெரிய சொத்து. படிப்பதற்கு அதுவே போதும். எனக்கு வேண்டியதோ அச்சுப் பக்கத்தின் படம். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழில் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் எஸ் போட்டுத் தேடினேன், அப்போதும் இல்லை. புத்தகமே அங்கு இல்லை என்று முடிவுகட்டி மூன்று வாரம் விட்டுவிட்டேன்.

அங்கேதான் தப்பு. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில் இருக்கின்றன. அதில் எப்படி உச்சரித்தாலும் ச-வுக்கு 'சி' (c) என்ற ஆங்கில எழுத்துதான். த-வுக்கு வெறும் 'டி' (t), கூட 'எச்' கிடையாது. ழ-வுக்கு 'எல்' போட்டு அடியில் கோடு. சாமிநாதையரே 'சி'-யில்தான் இருக்கிறார்! தலைப்பையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். ஒரு நூலகர் மின்னஞ்சலில் இதை விளக்கினார். அவர் சொன்னபடி அடித்ததும் வரிசையாக வந்து நின்றன.

அப்புறம் இன்னொரு அடி. முதலில் திறந்த ஸ்கேனில் முகவுரையின் இரண்டாம் பக்கத்துக்கு அடுத்து ஐந்தாம் பக்கம் இருந்தது. எனக்கு வேண்டிய வரிகள் நடுவே காணாமல் போன தாளில். ஆகவே, தரவிறக்கியதும் பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தேடல் பெட்டியையும் நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னை வடிவங்களைக் கணினி தாறுமாறாகப் படிக்கிறது. 'ஓலை' என்ற சொல் கண்ணெதிரே இருக்கும்போதே, இல்லை என்று காட்டுகிறது. பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேறொரு நூலகத்தின் பிரதியில் அந்தத் தாள் இருந்தது. படத்தைப் பெரிதாக்கியபோது, பின்பக்க எழுத்துகள் தாளை ஊடுருவி நிழலாகத் தெரிந்தன. ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்ட கோடு. இரண்டு முறை பயணம் போயும் தொட முடியாத புத்தகத்தை வீட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்த அந்த ராத்திரியை மறக்க மாட்டேன்.

கிடைத்ததை உடனே சேமித்துவிடுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு அதன் பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இணைப்பு, பார்த்த தேதி, அச்சுப் பக்க எண், பட எண் நான்கையும் குறித்து வையுங்கள். நெறியாளர் என்னிடம் கேட்டது இவற்றைத்தான். அடித்த பத்தியை அவரே திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

விடுபட்ட இரண்டு பக்கங்களின் படங்களை முதல் தளத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். இன்று காலை திறந்து பார்த்தேன். இன்னும் இரண்டுக்கு அடுத்து ஐந்துதான்.