கெர்னல் குறிப்புகள்: விழுந்தாலும் சொல்லிவிட்டு விழு

நவம்பர் 3, திங்கள்

நான் சொந்தமாக எழுதும் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) இன்டெல் வகை சிபியுவின் 64-பிட் நிலையான லாங் மோடுக்குப் போயாகிவிட்டது. திரையில் எழுத்தும் வருகிறது. இந்த இடத்தில் பலர் நேராக மெமரி அலொகேட்டர் (நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் பகுதி) எழுத உட்கார்ந்துவிடுவார்கள். நான் முதலில் எக்ஸப்ஷனை, அதாவது கோளாறு வந்தால் சிபியு ஓட்டத்தை நிறுத்தி கெர்னலைக் கூப்பிடும் ஏற்பாட்டை, முடிக்கப்போகிறேன். பேஜ் டேபிளில் (நினைவகத்தைப் பக்கம் பக்கமாக அட்ரஸ்களோடு இணைக்கும் அட்டவணை) கை வைத்த பிறகு மெஷின் காரணமே சொல்லாமல் ரீபூட் ஆனால், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

அந்த ரீபூட் எப்படி நடக்கிறது என்று பார்க்க, எந்த எக்ஸப்ஷனை எந்த ஹேண்ட்லர் (கவனிக்கும் ஃபங்ஷன்) பார்க்கும் என்று சொல்லும் ஐடிடி டேபிளை முழுக்கப் பூஜ்யமாக வைத்துவிட்டு, மேப் ஆகாத, அதாவது எந்தப் பக்கத்தோடும் இணைக்காத ஓர் அட்ரஸில் வேண்டுமென்றே எழுதினேன். கியூஎமு என்ற போலி மெஷினை எக்ஸப்ஷன் லாகோடு, ரீபூட் ஆகாமல் நிற்கச் சொல்லி ஓட்டினால் எல்லாம் வரிசையாகத் தெரிகிறது. முதலில் 14, அதாவது பேஜ் ஃபால்ட், எரர் கோடு 2. அடுத்த வரி: பழையது 14, புதியது 13. உடனே 8. அதற்கடுத்து, பழையது 8, புதியது 13. அவ்வளவுதான், ட்ரிபிள் ஃபால்ட்.

பேஜ் ஃபால்ட்டுக்கு யார் பொறுப்பு என்று சிபியு 14-ஆம் கட்டத்தைத் திறந்து பார்க்கிறது. அங்கே கேட் (ஹேண்ட்லர் இருக்கும் இடத்தைச் சொல்லும் பதிவு) என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் ஜெனரல் புரொடெக்ஷன் (விதிமீறல்), எண் 13. ஒன்றைக் கவனிக்கப் போன இடத்தில் இன்னொன்று முளைத்ததால் டபுள் ஃபால்ட், எண் 8. அந்தக் கட்டமும் காலி. மூன்றாவது வாய்ப்பு கிடையாது, நிஜ மெஷின் என்றால் ரீசெட்.

எரர் கோடு 2 என்பதைப் பிரித்தால்: பிட் 0 பூஜ்யம், பக்கமே இல்லை. பிட் 1 ஒன்று, எழுதப்போனது. பிட் 2 பூஜ்யம், கெர்னல் மோடில் நடந்தது. எந்த அட்ரஸ் என்பது சிஆர்2 ரெஜிஸ்டரில் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இருக்கிறது. சிபியு இத்தனையும் சொல்கிறது, காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நவம்பர் 5, புதன்

ஆபீசில் இருந்து ஓஎம்ஆர் டிராஃபிக்கில் ஊர்ந்து திருவல்லிக்கேணி வந்து சேரவே ஒன்பது மணி. இரவு ஸ்டப்கள் (எக்ஸப்ஷன் வந்ததும் முதலில் ஓடி, ஹேண்ட்லரைக் கூப்பிடும் குட்டிக் கோடுகள்) மட்டும் எழுதினேன்.

தலைவலி இதுதான்: சில எக்ஸப்ஷன்களுக்கு மட்டும் (8, 10 முதல் 14 வரை, 17, 21) சிபியு ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் மதிப்புகளைத் தற்காலிகமாக அடுக்கும் இடம்) எரர் கோடு ஒன்றையும் வைக்கிறது. மற்றதற்கு இல்லை. இல்லாதவற்றுக்கு ஸ்டப்பே ஒரு பூஜ்யத்தைத் தள்ளிவிட்டால் சி ஃபங்ஷன் எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரக்ட்டாக (மதிப்புகளின் தொகுப்பாக) படிக்கலாம். கணக்கும் அழகாக உட்காருகிறது: சிபியு தள்ளுவது 5, எரர் கோடு 1, எக்ஸப்ஷன் எண் 1, நாம் சேமிக்கும் ரெஜிஸ்டர்கள் 15. மொத்தம் 22, தலா 8 பைட், 176. பதினாறால் மீதியின்றி வகுபடுகிறது, அதனால் அலைன்மென்ட்டுக்கென்று (ஸ்டாக் முனை 16-இன் மடங்கில் நிற்பதற்கு) தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கெர்னலை ரெட் ஸோன் இல்லாமல் கம்பைல் செய்யும் ஆப்ஷனை மறக்கவே கூடாது. ஸ்டாக் முனைக்குக் கீழே 128 பைட்டை கம்பைலர் தன் சொத்தாக நினைத்துக்கொள்ளும். சிபியு அதன் மேலேயே ஃப்ரேமை (எக்ஸப்ஷன் வந்ததும் தான் தள்ளும் மதிப்புகளை) எழுதிவிட்டுப் போகும்.

நவம்பர் 8, சனி

பக்கத்து அறைத் தம்பி, கடைசி வருட இன்ஜினியரிங், வேடிக்கை பார்க்க வந்தான். பிரேக்பாயின்ட் (வேண்டுமென்றே எக்ஸப்ஷன் எழுப்பும் இன்ஸ்ட்ரக்ஷன்) போட்டுக் காட்டினேன்: ஹேண்ட்லர் ஒரு வரி அச்சிட்டது, கெர்னல் அடுத்த வேலைக்குப் போனது. அப்புறம் பூஜ்யத்தால் வகுத்தேன். அதே வரி நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது.

“என்னண்ணே, லூப் ஆயிடுச்சா?”

பிரேக்பாயின்ட் ட்ராப் வகை. சேமித்து வைத்த ஆர்ஐபி (திரும்பிப் போக வேண்டிய இடத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர்) அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனைக் காட்டும். வகுத்தல் ஃபால்ட் வகை, ஆர்ஐபி அந்த வகுத்தலையே காட்டும். திரும்பிப் போனால் மறுபடி அதே வகுத்தல், மறுபடி நாம்.

“என் போன்ல இதெல்லாம் வராதுண்ணே” என்றான். நம்பாமல் போனில் டெர்மக்ஸ் ஆப்பிலும் லேப்டாப்பிலும் குட்டி சி புரோகிராம் எழுதி, எண்ணைக் கீபோர்டில் இருந்து வாங்கி வகுத்துப் பார்த்தோம். லேப்டாப்பில் புரோகிராம் செத்தது, போனில் சாதுவாக 0 வந்தது. போனில் இருக்கும் ஏஆர்எம் 64-பிட் சிபியுவில் முழு எண் வகுத்தலுக்கு எக்ஸப்ஷன் கிடையாது. ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு சிபியு வகையிலும் கிடையாது, அங்கே விடை -1. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசரும் ரிஸ்க்-ஃபைவ்தான் என்றதும் தம்பிக்கு முகம் மலர்ந்தது. எனக்கென்னவோ, தப்பான விடையோடு ஓடுவதைவிட அங்கேயே விழும் இன்டெல் வழிதான் பிடித்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

தம்பி என் கோடை எடுத்துப்போய், இன்டரப்டை (டைமர், கீபோர்டு போன்றவை சிபியுவைக் கூப்பிடும் சைகை) ஆன் செய்து பார்த்திருக்கிறான். “டபுள் ஃபால்ட்” என்று அச்சாகி நின்றுவிட்டது. ஆர்ஐபி என்ன என்று கேட்டேன். 8 என்றான்.

8 என்றதுமே விளங்கிவிட்டது. அது டபுள் ஃபால்ட்டே இல்லை, டைமர். முதல் 32 எண்களை இன்டெல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி அதைக் கண்டுகொள்ளாமல் டைமரை 8-இல் வைத்தது. பழைய பயாஸ் வழியில் பூட் செய்தால் இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். டைமர் எரர் கோடு தள்ளாது. ஸ்டப்போ 8-க்கு அது உண்டென்று நினைக்கிறது. எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்து, ஆர்ஐபி இருக்க வேண்டிய இடத்தில் கோட் செக்மென்ட் எண் 8 வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிஐசியை (இன்டரப்டுகளுக்கு எண் கொடுக்கும் சிப்) 32-இல் இருந்து தொடங்கும்படி மாற்றச் சொன்னேன்.

நவம்பர் 15, சனி

நிஜ மெஷினில் ஓட்டிப் பார்க்க ரிச்சி தெருவில் வாங்கியது: பின்புறம் சீரியல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று, யுஎஸ்பி சீரியல் கேபிள். கடைக்காரர் “விண்டோஸ் போட்டுத் தரட்டுமா சார்?” என்றார். வேண்டாம் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

நாள் முழுக்க மழை, நாள் முழுக்க டபுள் ஃபால்ட்.

கெர்னல் ஸ்டாக்குக்குக் கீழே 4 கேபி பக்கம் ஒன்றை மேப் செய்யாமல் காவலுக்கு விட்டேன். தன்னையே கூப்பிட்டுக்கொண்டு போகும் ஃபங்ஷன் ஒன்றை ஓட்டினேன். எல்லா ஹேண்ட்லரும் தயார். இருந்தும் பழைய டெஸ்க்டாப் மூச்சு விடாமல் ரீபூட் ஆனது. எதிர்பார்த்ததுதான். ஸ்டாக் தீர்ந்து பேஜ் ஃபால்ட் வருகிறது. அதைச் சொல்ல ஃப்ரேமைத் தள்ள வேண்டியது அதே தீர்ந்துபோன ஸ்டாக்கில். மறுபடி பேஜ் ஃபால்ட், எனவே டபுள் ஃபால்ட். அதன் ஃப்ரேமும் அதே ஸ்டாக்கில்.

சரி, மாற்று ஸ்டாக் வேண்டும். சிபியு படிக்கும் டிஎஸ்எஸ் என்ற 104 பைட் தொகுப்பில் இதற்கென்றே 7 ஐஎஸ்டி இடங்கள் (மாற்று ஸ்டாக்குகளின் அட்ரஸ்) இருக்கின்றன. முதல் இடத்தில் தனி ஸ்டாக்கின் மேல்முனையை எழுதி, ஜிடிடி டேபிளில் டிஎஸ்எஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 16 பைட் டிஸ்கிரிப்டரைச் சேர்த்து, ஐடிடியின் 8-ஆம் கட்டத்தில் ஐஎஸ்டி 1 என்று குறித்தேன். டபுள் ஃபால்ட் வந்தால் பழைய ஸ்டாக் எந்தக் கதியில் இருந்தாலும் சிபியு புதியதற்கு மாறிவிடும். இம்முறை சீரியல் கேபிள் வழியாக லேப்டாப்பில் வந்து விழுந்தது: டபுள் ஃபால்ட், சிஆர்2 காவல் பக்கத்துக்குள். நிஜ இரும்பில் இருந்து வரும் அந்த ஒரு வரிக்கு தனி ருசி.

இங்கிருந்து திரும்பிப் போக முடியாது. டபுள் ஃபால்ட்டில் சேமித்த ஆர்ஐபியை நம்பக்கூடாது என்று இன்டெல் கையேடே சொல்கிறது. அச்சிட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். இன்னொன்று: ஒரே ஃபங்ஷனில் 8 கேபி அரே வைத்தால் காவல் பக்கத்தை ஒரே தாண்டலில் தாண்டி அந்தப் பக்கம் போய் எழுதலாம். அதற்குக் கம்பைலரின் ஸ்டாக் கிளாஷ் பாதுகாப்பை ஆன் செய்ய வேண்டும்.

நவம்பர் 22, சனி

எட்டாம் தேதி எரிச்சலூட்டிய, ஃபால்ட் ஆன இன்ஸ்ட்ரக்ஷனுக்கே திரும்பும் அதே குணம் இன்று வேலைக்கு ஆனது. ஹீப்புக்கென்று (கேட்கக் கேட்க எடுத்துக்கொடுக்கும் நினைவகம்) அட்ரஸ் வரம்பை மட்டும் குறித்து வைத்தேன், பக்கம் எதையும் ஒதுக்கவில்லை. அங்கே முதல் முறை எழுதப்போனதுமே பேஜ் ஃபால்ட். ஹேண்ட்லர் சிஆர்2 அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, காலி நினைவகப் பக்கம் ஒன்றைப் பூஜ்யமாக்கி மேப் செய்து, திரும்பிவிடுகிறது. ஆர்ஐபி அதே இன்ஸ்ட்ரக்ஷனில் நிற்பதால் எழுதும் வேலை மறுபடி நடக்கிறது, இம்முறை வெற்றியாக. எழுதிய கோடுக்கு நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாது.

வரம்புக்கு வெளியே என்றால் மன்னிப்பு இல்லை: ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிற்கும். அடுத்து யூசர் மோடு (சாதாரண புரோகிராம்கள் ஓடும் நிலை). அங்கே இதே ஃபால்ட் எரர் கோடு 6 ஆக வர வேண்டும்.