முதல் காரில் மாற்றம் செய்யும் முன் அதைச் சரி செய்யுங்கள்

2011 முதல் 2017 வரை வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் முதல் காராக வாங்குகிறவர்கள் நிறைய. வாங்கிய மாதமே சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மற்ற ஊர் என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆக்சசரீஸ் கடை என்று போய் நிற்பார்கள். அலாய் வீல், வெள்ளை லைட், கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்), பெரிய ஸ்டீரியோ என்று பட்டியல் தயாராக இருக்கும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கிளறினால் அடியில் குறைகள்தான் இருக்கும்: ராத்திரியில் ரோடு தெரியவில்லை, பிக்கப் இல்லை, வண்டி ஆடுகிறது, ஏ.சி. குளிரவில்லை. அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவை பெரும்பாலும் தேய்மானத்தால் வருகிறவை. கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தாலே பட்டியலில் பாதி தானாகக் கழன்றுவிடும். ஒரு மழைக்காலம் முடியும்வரை எதையும் மாற்றாமல், இருப்பதைச் சரி மட்டும் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

லைட்டிலிருந்து தொடங்கலாம், அதிக வண்டிகள் கெடுவது அங்கேதான். இந்த ஸ்விஃப்டில் இருப்பது எச்4 ஹாலஜன் பல்ப், 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. வெளிச்சம் போதவில்லை என்றதும் கடையில் 100/90 வாட் பல்பை எடுத்து நீட்டுவார்கள். 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கிறது, 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அது ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடும். முதலில் பல்ப் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு இளகும், ஒரு நாள் ஒரு பக்க லைட் அணைந்து அணைந்து எரியும். எல்.இ.டி. பல்பில் வேறு சிக்கல். ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. சிப் அந்த இடத்தில் மிகச் சரியாக உட்காராது. வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும், உங்களுக்கோ வண்டிக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று இருக்கும், தூரம் தெரியாது.

அதற்குப் பதிலாக மூன்று வேலை செய்யுங்கள். முதலில் வோல்டேஜ். இன்ஜின் ஓடும்போது, லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரி முனையிலும் பல்ப் கப்ளரிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்பில் 12.6 வந்தால் வழியில் 10 சதவீதம் போகிறது என்று அர்த்தம். ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். காரணம் பெரும்பாலும் எர்த் வயர் பாடியில் முடியும் இடத்தில் பிடித்த துரு. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்கினால் தீர்ந்தது. இரண்டாவது, மஞ்சளித்துப்போன லென்ஸ். 800, 1500, 2000, 3000 என்ற வரிசையில் தண்ணீர்த்தாள் போட்டு, பாலிஷ் அடித்து, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சளாகிவிடும். பற்பசை வைத்துத் தேய்ப்பது இதனால்தான் நிலைப்பதில்லை. மூன்றாவது, டேஷ்போர்டில் உள்ள, லைட்டை ஏற்றி இறக்கும் லெவலிங் திருகு. முந்தைய ஓனர் அதை 3ல் வைத்திருந்தால் லைட் தரையைத்தான் பார்க்கும். தனியாகவோ முன்சீட்டில் இன்னொருவருடனோ ஓட்டும்போது அது 0வில் இருக்க வேண்டும்.

பிக்கப் இல்லை என்பவர்களுக்கு கோன் ஃபில்டர் ஆசை வரும். ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றை இழுக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. திறந்த கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கிறது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆகவே சத்தம் கூடுமே தவிர இழுவை கூடாது. நம் ஊர்த் தூசிக்கு அதன் வடிகட்டும் திறனும் எனக்குத் திருப்தியில்லை. சைலன்சரை மாற்றும்போது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டால் இன்ஜின் செக் லைட் எரியும், புகைச் சான்றிதழ் எடுக்கும்போதும் மாட்டுவீர்கள். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி, பங்க் பையன் சொல்வது இல்லை. பிறகு ஸ்பார்க் பிளக், பேப்பர் ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் சுத்தம். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இறுக்கமாக நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. நாலாவது கியரில் அழுத்தும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது, அதற்கு எந்த ஃபில்டரும் மருந்தாகாது.

இனி வீல். இந்த வண்டியின் கீழ் வேரியண்ட்டில் வருவது 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். முதலாவதன் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. வித்தியாசம் ஒன்றுமில்லை, கம்பெனியே கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது. அலாய் போட்டே தீர வேண்டும் என்பவர் இந்த 15 அங்குல அளவோடு நின்றுகொள்ளலாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதென்று 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647.5 மி.மீ. ஆகிவிடும், அதாவது 4 சதவீதத்துக்கு மேல் அதிகம். முன்பு 80ல் போன அதே மீட்டர் காட்டலில் வண்டி 83ஐத் தாண்டிப் போகும். கியர் விகிதம் நீண்டுவிடுவதால், பிக்கப் இல்லை என்று புலம்பிய அதே வண்டி இன்னும் மந்தமாகும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் வீல் ஆர்ச்சில் உரசும்.

வீல் வாங்கும்போது 4 போல்ட், 100 மி.மீ. பி.சி.டி. (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நடு ஓட்டையையும் கேளுங்கள். வீல் உட்காரும் ஸ்விஃப்ட் ஹப்பின் அளவு 54.1 மி.மீ. வெளி அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று அதைவிடப் பெரிய ஓட்டையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் வீல் நடுவில் உட்காராது, 80ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. நட் 12 மி.மீ., மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

வண்டி ஆடுகிறது என்று ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் செருகுவது இப்போது எல்லா ஊரிலும் பரவியிருக்கிறது. செருகிய சுற்று வேலை செய்யாது, மீதிச் சுற்றுகள் விறைக்கும், அடி முழுவதும் மேலே, ஷாக் அப்சார்பர் பாடியில் பொருந்தும் ஸ்ட்ரட் மவுண்ட்டில் இறங்கும். ஆட்டத்துக்கான காரணம் சஸ்பென்ஷனின் தேய்ந்த பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், தளர்ந்த ஷாக் அப்சார்பர் இவற்றில்தான் இருக்கும். ஷாக்கை ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், உடனே வீல் அலைன்மெண்ட் செய்ய வேண்டும்.

ஏ.சி. விஷயம் சுருக்கம். முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் அடைந்த மண்ணை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். கறுப்பு ஃபிலிம் ஒட்டும் எண்ணம் இருந்தால் சட்டம் தெரிந்துகொள்ளுங்கள்: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012ல் உச்ச நீதிமன்றம் ஒட்டும் ஃபிலிமையே தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2024ல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமை ஏற்றது. கடையில் விற்கும் கருங்கும்மென்ற ஃபிலிம் எந்தக் கணக்கிலும் தேறாது.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டும். பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்பை (புல் கார்டு) நிறுத்தச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் விசை பம்பரில் நசுங்கித் தணியாமல் நேராக சேஸிசுக்குப் போகும், ஏர்பேக் சென்சாரும் ஏமாறும். ஸ்டீரியோ போன்ற மின் சாதனங்களை இன்சூரன்சில் சேர்க்க அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். சேர்க்காவிட்டால் திருட்டுப்போனாலும் எரிந்தாலும் அதற்குப் பணம் வராது.

ஸ்டீரியோ மாற்றினால் வயரை வெட்டவே விடாதீர்கள், அந்த மாடலுக்கான கப்ளர் கிடைக்கிறது. சாவி எடுத்ததும் அணைய வேண்டிய வயரை நேரடி பேட்டரி வயரில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 300 மில்லி ஆம்பியர் ஓயாமல் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஏ.எச். (ஆம்பியர் மணி) போகும். 35 ஏ.எச். பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலி. வண்டியைப் பூட்டி அரை மணி கழித்து பேட்டரியிலிருந்து போகும் கரண்டை அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் நான் மனதாரச் சம்மதிப்பேன்: ஒற்றை ஹார்னை எடுத்துவிட்டு ஹை, லோ என்று ஜோடி ஹார்ன் போடுவது. கோயம்புத்தூர் ரூட்ஸ் தயாரிப்பே போதும். பிரஷர் ஹார்னும் பல ராகத்தில் பாடுகிற ஹார்னும் சட்டப்படி கூடாது. பழைய ஹார்னுக்கு வந்த ப்ளஸ் வயரை ரிலேயின் (சிறு கரண்டில் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) 86 என்ற எண் முனையில் கொடுங்கள், 85 எர்த். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் பியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் 30க்கு வரட்டும், பியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். 87லிருந்து இரண்டு ஹார்னுக்கும். ஹார்னின் வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் மழைத் தண்ணீர் தேங்காது. கழற்றிய ஒற்றை ஹார்னை அதன் பிராக்கெட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள், வண்டியை விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.