யார் படிப்பார்கள் என்று கேட்டார்

“இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு யார் படிப்பார்கள், மேடம்?” என்று அவர் கேட்டார். என் மாணவியின் முனைவர் பட்ட ஆய்வு, பாக் விரிகுடாவின் வடபகுதியில் உள்ள கடற்புல் பற்றியது. நண்டு வலை போடும் அந்த நாட்டுப் படகுக்காரர்தான் எங்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்ன பதிலைப் பல முறை மனதுக்குள் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

“வனத்துறையும் படிக்கும், மீன்வளத்துறையும் படிக்கும். படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது.”

உண்மை அதுதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் என் பொறுப்பு முடிந்துவிடுமா?

செயற்கைக்கோள் படத்தில் கடலடியில் கருமையாக ஒரு பரப்பு தெரியும். அது புல்லா, பாசியா, வெறும் சேறா என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். எங்கே இறங்குவது என்பதை அவர் சொன்னார். கடற்புல்லைத் தின்று வாழும் பாலூட்டியான கடல்பசு மேய்ந்த இடத்தில் புல் வேரோடு பறிந்து, தரையில் நீளமாகத் தடம் விழுந்திருக்கும். அந்தத் தடங்கள் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் தென்படும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் கடலடியில் சதுரச் சட்டகத்தைப் போட்டு அதற்குள் இருந்த புல்லை எண்ணினோம், அவ்வளவுதான்.

“தீவுப் பக்கம் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும்” என்றார். மன்னார் வளைகுடாவைத்தான் சொன்னார். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. அவற்றைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குப் பின்னாளில் தடையால் ஏற்பட்ட நெருக்கடி இந்தக் கரை முழுவதும் தெரிந்த கதை. இங்கே நிலைமை வேறு என்றேன். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தபோது, மீனவர்களுக்குப் புதிய தடை எதுவும் இல்லை என்றே அரசு சொன்னது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் இந்த இடத்தை மட்டும் எழுதாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்?” என்றார்.

குறையும். கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால்தான் ஆழம் குறைந்த நீரில் வளர்கிறது. விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடி புல்லைப் பறிப்பதோடு நிற்பதில்லை. கிளம்பும் சேறு நீரைக் கலக்கி, மிஞ்சிய புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை மீறி வருகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் குறை. இடமும் அளவும் பதிவில் இல்லாவிட்டால், புல் அழிந்த பிறகு இங்கே புல் இருந்தது என்று யார் நிரூபிப்பது? இந்த வரைபடம் உங்களுக்கும் சாட்சியாக நிற்கும் என்று சொன்னேன். அவர் சம்மதித்தார். நான் விளக்கினேனா, வற்புறுத்தினேனா? பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் சொல்லும்போது கரையில் நிற்பவருக்கு மறுக்க எவ்வளவு இடம் இருக்கிறது?

அதனால்தான் ஆய்வேட்டில் பெரிய கட்டங்களாகப் பிரித்த வரைபடம் போதும் என்று முடிவெடுத்தேன். துல்லியமான ஜிபிஎஸ் புள்ளிகள் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் பதிவேட்டில் மட்டும் இருக்கும். தமிழில் எழுதிய ஒரு பிரதி கிராமத்துக்குப் போகும்.

மாணவி ஏற்கவில்லை. “இன்னொருவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடியாவிட்டால் அது என்ன ஆய்வு?” என்றாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிடாமல் விடுவது அறிவியலில் ஏற்கப்பட்ட வழக்கம் என்று பதில் சொன்னேன். ஆனால் அந்த வழக்கம் வேட்டைக்காரர்களை மனதில் வைத்து வந்தது. நான் மறைத்தது அரசிடமிருந்து. இரண்டும் ஒன்றுதான் என்று சில நாட்களில் தோன்றுகிறது, சில நாட்களில் தோன்றுவதில்லை.

அறிவைத் தந்தவர் அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தால், இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் தொடங்கி, இந்தக் கடற்கரையில் பல தலைமுறை ஆய்வுகள் நடந்திருக்கின்றன. படகுக்காரர் இல்லாமல் அவற்றில் எத்தனை நடந்திருக்கும்? மாதிரி எடுக்கும் முறையைப் பருவம் பருவமாகக் கற்பிக்கிறோம். மீனவரிடம் எப்படி அனுமதி கேட்பது, அவர் மறுத்தால் என்ன செய்வது என்று நான் வகுப்பில் ஒரு நாளும் பேசியதில்லை. பாடத்திட்டத்திலும் அது இல்லை.

நான் மறைத்ததால் அந்தப் புல்வெளி காப்பாற்றப்பட்டதா, சாட்சி இல்லாமல் நிற்கிறதா? இப்போது இன்னொரு மாணவர் அதே பரப்பில் ஆய்வைத் தொடங்குகிறார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய புள்ளிகளைக் கேட்கிறார். எடுத்துக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது. முதலில் கிராமத்தில் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.