பாட்டுக்கு அல்ல, பதிவுக்கு

யாழ்ப்பாணத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பணியாற்றும் எனக்கு, கலைஞர்கள் வீடு திரும்பிய பின்னரே தொடங்குகின்ற வேலை ஒன்று உண்டு. வெளியீட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் சர்வதேச நியம ஒலிப்பதிவுக் குறியீட்டை இட்டு, அதைப் பேரேட்டில் எழுதி வைப்பதே அவ்வேலை. 1986 இல் ஐ.எஸ்.ஓ. 3901 என்னும் நியமமாக வெளிவந்த இந்தக் குறியீடு 12 இடங்களைக் கொண்டது. முதல் ஐந்தும் குறியீட்டை இடுபவருக்குரிய முன்னொட்டு. அடுத்த இரண்டும் குறியீடு இடப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கங்கள். எஞ்சிய ஐந்தும் தொடரெண். ஒரு முன்னொட்டின் கீழ் ஓராண்டில் ஒரு இலட்சம் பதிவுகளுக்குக் குறியீடு இடலாம். எங்கள் கூடத்துக்கு அது ஏழு பிறப்புக்கும் போதும்.

குறியீட்டை ஆக்குவது எளிது. எது தனிப் பதிவு என்று தீர்மானிப்பதே கடினம். நல்லூர்க் கந்தன் மீதான ஒரே பாடலை இருவர் பாடினால் பதிவுகள் இரண்டு, குறியீடுகளும் இரண்டு. அதே பாடகர் மறுபடி பாடினாலும், குரலை நீக்கி இசையை மட்டும் வெளியிட்டாலும் புதிய குறியீடு வேண்டும். மாறாக, ஒரே பதிவு இறுவட்டிலும் இணையத்திலும் வேறு வேறு தொகுப்புகளிலும் வந்தாலும் குறியீடு மாறாது. பாடலாக்கத்துக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற வேறொரு குறியீடும், விற்கப்படும் இறுவட்டுக்குப் பட்டைக் குறியும் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒன்றென எண்ணிக் கொண்டு வருவோரே அதிகம்.

பழைய ஒலிநாடாக்கள் வரும்போதுதான் உண்மையான யோசனை தொடங்குகிறது. கோயில் திருவிழாவில் பதிவான நாதஸ்வரக் கச்சேரியொன்று இரண்டு நாடாக்களில் இரு தலைப்புகளுடன் இருக்கும். வாசிப்பின் சிறு தடுமாற்றங்கள் வரை ஒத்திருந்தால், அது ஒரே பதிவு என்று கொள்வேன். நாடாவிலுள்ளதை அப்படியே கணினிக்கு மாற்றுவதால் புதிய பதிவு பிறப்பதில்லை. ஒலியை முழுமையாகச் சீரமைத்தால் புதிய குறியீடு தேவை. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை எந்த மென்பொருளும் சொல்வதில்லை, காதுதான் சொல்ல வேண்டும். 1970களின் வாசிப்புக்கு 2024 இல் குறியீடு இட்டால், அதில் 24 என்றே இருக்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கிறது.

மூத்த கலைஞர் ஒருவர், "தம்பி, இது யாழ்ப்பாணத்துப் பாட்டெல்லோ, ஏன் அமெரிக்கக் குறி?" என்று கேட்டார். அவருடைய பதிவை இணையத்தில் ஏற்றிய விநியோக சேவை, அமெரிக்காவுக்கு ஒதுக்கப்பட்ட முன்னொட்டிலிருந்து குறியீடு வழங்கியிருந்தது. முன்னொட்டு பாடலின் ஊரையும் சொல்லாது, இன்றைய உரிமையாளரையும் சொல்லாது. உரிமை கைமாறினாலும் பழைய குறியீடே தொடரும் என்று விளக்கினேன். அவர் தலையசைத்தாலும் முழுதாக ஏற்கவில்லை.

குறியீடு ஒலிக்குள் கேட்பதில்லை. கோப்பின் விவரப் பகுதியிலேயே அது தங்குகிறது. கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அது உதிர்ந்துவிடக்கூடும். ஆதலால் மூல நாடா, கால அளவு, பக்கவாத்தியக்காரர், செய்த சீரமைப்பு ஆகியவற்றைக் குறியீட்டுக்கு எதிரே எழுதி வைக்கிறேன். அந்த வரி இல்லையெனில், நாளை அதே நாடாவை எடுப்பவர் இன்னொரு குறியீட்டை இட்டுவிடுவார்.