காயடித்த கடுவனின் உடம்பு

கடுவன் பூனையின் உப்பிய கன்னமும் தடித்த கழுத்துத் தோலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தருபவை. 5, 6 மாதத்திலேயே காயடித்துவிட்டால் அந்தக் கன்னம் வராது, முகம் ஒடுங்கியே இருக்கும். வளர்ந்த பிறகு செய்தால் கன்னம் சில மாதங்களில் கொஞ்சம் வற்றும், முழுதாக மறையாது. ஆண்குறியில் உள்ள சிறு முட்கள் சில வாரங்களில் மறைந்துவிடும்.

காயடித்தால் வளர்ச்சி குன்றும் என்பது தவறு. எலும்பு முனைகளில் நீளம் கூட இடம் தரும் குருத்தெலும்புப் பகுதி (வளர்தட்டு) தாமதமாக மூடுவதால் கால் எலும்புகள் சற்று நீளமாகவே வளரும்.

உண்மையான சிக்கல் எடைதான். உடலுக்குத் தேவைப்படும் சக்தியின் அளவு குறையும், பசியோ கூடும். கிண்ணத்தை நிரப்பி வைக்காதீர்கள். தினம் 60 கிராம் உலர்தீவனம் தின்ற பூனைக்கு 45 கிராமைத் தராசில் நிறுத்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலாவில் விரலை லேசாக ஓட்டினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் கொழுத்துவிட்டது. பின்னங்கால்களுக்கு முன்னே தொங்கும் தோல்மடிப்பைத் தொப்பை என்று நினைத்துவிட வேண்டாம், அது பூனைகளுக்கு இயல்பு.

இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி மட்டும் போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.